மாத்திரையா, கொய்யாவா, அடுப்பா? மலையில் இருப்பவர்களின் நுரையீரலுக்கு எது உதவும்

குளிர் ஏற ஏற, கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் இருக்கும் எங்கள் மருந்துக்கடையில் வைட்டமின் சி மாத்திரை பட்டை பட்டையாகப் போகும். வாங்குகிறவர்களில் பலருக்குச் சளிகூட இருக்காது. "அக்கா, நுரையீரலுக்கு நல்லதாமே, தினம் ஒண்ணு போட்டுக்கலாமா?" என்பார்கள். சென்னையில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பி ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறவர்கள், பழனி மலைப் படியேறப் போகிறவர்கள், வீட்டில் விறகு எரிக்கும் பெண்கள் எல்லோருக்கும் இதே கேள்விதான். கூடவே இன்னொன்றும் வரும்: சப்பிச் சாப்பிடும் 500 மில்லிகிராம் போதுமா, தண்ணீரில் கரைக்கிற 1000 மில்லிகிராம் வேண்டுமா, இல்லை பேசாமல் பழமே சாப்பிடலாமா?

கல்லாவில் நின்றபடி ஒரு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். இது நோயில்லாத, வயதுவந்தவர்களுக்கானது. ஆஸ்துமாவோ நாள்பட்ட மூச்சடைப்பு நோயோ இருப்பவர்கள் எந்த மாத்திரையை நம்பியும் இன்ஹேலரை நிறுத்திவிட வேண்டாம்.

## எதை வைத்து எடை போடுவது

நுரையீரல் திறனை அளக்க ஸ்பைரோமெட்ரி என்ற ஊதல் சோதனை இருக்கிறது. மூக்கில் கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரு குழாயில் முழு பலத்தோடு ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வந்தது என்பதுதான் முக்கியமான எண், எஃப்.இ.வி.1 என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கும். இருபதுகளில் இது உச்சத்தைத் தொடும். அப்புறம் பீடி சிகரெட் தொடாதவருக்கும் ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மில்லி வீதம் குறைந்துகொண்டே போகும். வயதாவதன் கணக்கு அது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை ஊதினாலே 150 மில்லி வரை முன்பின் இருக்கலாம், சோதனையே அதை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே, "ஒரு வாரம் மாத்திரை போட்டேன், மூச்சு லேசாயிடுச்சு" என்ற உணர்வை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நிறையப் பேரை, நிறைய நாள் பார்த்த ஆய்வுகளைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்கும் கேள்விகள் இவை. நன்றாக இருக்கும் ஒருவருக்கு அந்த ஊதல் அளவு இதனால் மாறுமா? உள்ளே போவதில் எவ்வளவு உடம்பில் தங்கும்? கைக்காசு எவ்வளவு, சொல்லாமல் வரும் செலவு என்ன? யாருக்கு இது உண்மையிலேயே பொருந்தும்?

தேவை எவ்வளவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) 2020-ல் வெளியிட்ட அளவுப்படி, ஒரு நாளைக்கு ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி போதும். புகைப்பவர்களுக்குக் கூடுதலாக 35 மில்லிகிராம் வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு. நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மேல் எல்லை.

## நுரையீரலுக்கும் வைட்டமின் சி-க்கும் என்ன உறவு

பேச்சு சும்மா கிளம்பவில்லை. நுரையீரலின் உள்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் வைட்டமின் சி இருக்கிறது. புகையோ, காற்று மாசில் இருக்கும் ஓசோன் வாயுவோ உள்ளே வந்தால் திசுவைத் தொடுவதற்கு முன்பே இந்தப் படலத்தில் இருக்கும் வைட்டமின் சி அதோடு மோதி, தான் செலவழிந்துபோகும். மக்கள்தொகை ஆய்வுகளும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: உணவில் வைட்டமின் சி அதிகம் சேர்ப்பவர்களின் ஊதல் அளவு, குறைவாகச் சேர்ப்பவர்களைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்கிறது.

சிக்கல் இங்கேதான். பழம் நிறையச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் புகைப்பதும் குறைவு, வருமானமும் கொஞ்சம் நன்றாக இருக்கும், வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கும். நன்மை எதனால் வந்தது என்று பிரித்தெடுப்பது கஷ்டம். அதற்குத்தான் பாதிப் பேருக்கு மாத்திரையும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் பெரியது பிரிட்டனில் நடந்து 2002-ல் வெளியானது. 20,536 பேர், ஐந்து ஆண்டுகள், தினமும் வைட்டமின் சி 250 மில்லிகிராம், கூடவே வைட்டமின் இ, பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருக்கும் நிறச்சத்து). இரத்தத்தில் வைட்டமின் அளவு ஏறியது. ஊதல் அளவில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அதில் சேர்ந்தவர்கள் இதயநோய், சர்க்கரை போன்றவை இருந்தவர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இருந்தாலும், பலன் தெரியக் கூடுதல் வாய்ப்புள்ள அவர்களிடமே தெரியவில்லை என்றால், நன்றாக இருக்கும் நாற்பது வயதுக்காரரிடம் தெரியும் என்று என்னால் சொல்லி விற்க முடியாது.

## சப்பிச் சாப்பிடும் 500

கைக்காசைப் பார்த்தால் இது மலிவு. ஒரு மாத்திரை சில ரூபாய்தான். 200 மில்லிகிராம் வரை உடம்பு கிட்டத்தட்ட முழுதாக உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கு மேல் போகப் போக உறிஞ்சும் பங்கு குறைகிறது. ஒரு நாளைக்கு 200 முதல் 400 மில்லிகிராமிலேயே இரத்தம் நிரம்பிவிடும், மிச்சம் சிறுநீரில் போய்விடும். அதாவது 500 மாத்திரையிலேயே ஒரு பகுதி வீண்தான்.

ஊதல் அளவு மாறுமா? நன்றாக இருப்பவர்களுக்கு மாறும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் சில தனிச் சூழ்நிலைகளில் கதை வேறு. உடற்பயிற்சி செய்ததும் மூச்சுக்குழாய் சுருங்கி இழுப்பு வருகிறவர்கள் சிலர் உண்டு. அவர்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வுகளில் வைட்டமின் சி எடுத்தபோது அந்தச் சரிவு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. ஓசோன் நிறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்த ஆய்வுகளில் சிலவற்றில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. புகைப்பதை விட முடியாத கர்ப்பிணிகளுக்குத் தினம் 500 மில்லிகிராம் கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2014-ல் வந்தது. பிறந்த குழந்தைகளின் நுரையீரல் அளவுகள் கொஞ்சம் நன்றாக இருந்தன. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஆனால் மருத்துவர் முடிவெடுக்க வேண்டிய விஷயம். கடையில் கேட்டு வாங்கிப் போடுவதற்கான காரணம் ஆகாது.

சளிக்கு? தினமும் 200 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தாலும் பொதுவாகச் சளி பிடிப்பது குறைவதில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்கு 8 சதவீதம் சீக்கிரம் போகிறது. ஏழு நாள் சளி என்றால் அரை நாள் மிச்சம். சளி பிடித்த பிறகு ஆரம்பித்தால் நம்பிச் சொல்லும்படியான பலன் இல்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: மாரத்தான் ஓடுகிறவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி எடுத்த ராணுவ வீரர்கள் என்று சுமார் 600 பேரை வைத்துச் செய்த ஆய்வுகளில் சளி பிடிப்பதே பாதியாகக் குறைந்தது. மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம் உறைபனிக் காலத்தில் விடியற்காலையிலேயே தோட்டத்தில் இறங்கி மூட்டை சுமக்கிறவர்கள் அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் நிற்கும் உழைப்பு அது. அவர்கள் அந்த இரண்டு மாதம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

சொல்லாமல் வரும் செலவு: சப்பும் மாத்திரையில் சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்தே இருக்கிறது. வாயில் அடக்கி வைத்துச் சப்பினால் பல் எனாமலுக்கு நல்லதில்லை. குழந்தைகள் மிட்டாய் மாதிரிக் கேட்பார்கள். எட்டாத இடத்தில் வையுங்கள்.

எப்போது இது சரி: பல் பிரச்சினையாலோ உடல்நிலையாலோ பழமே சாப்பிட முடியாதவர், தனியாக இருந்து சோறும் ரசமுமாக நாள் தள்ளும் முதியவர், புகைப்பதை இன்னும் விட முடியாதவர். அவர்களுக்குக்கூட 100 மில்லிகிராம் மாத்திரை கிடைத்தால் அதுவே போதும்.

## தண்ணீரில் கரைக்கும் 1000

இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. விலை பல மடங்கு. உள்ளே போகும் ஆயிரத்தில் சுமார் பாதிதான் உறிஞ்சப்படுகிறது. நுரை பொங்குவதற்குச் சோடியம் உப்பு சேர்க்கிறார்கள், இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் இதைக் குடிப்பது சரியில்லை. வயிற்றுப்போக்கு வரலாம்.

எனக்குப் பெரிய கவலை சிறுநீரகக் கல். சுவீடனில் 23,355 ஆண்களை 11 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். வைட்டமின் சி மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு, எடுக்காதவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. அங்கே வழக்கமான மாத்திரை 1000 மில்லிகிராம். வைட்டமின் சி உடம்பில் உடையும்போது, கல்லாகச் சேரக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் உண்டாவதுதான் காரணம். நம் ஊர்க் குளிரில் தாகம் தெரியாது. காலையில் ஒரு காபி, பத்து மணிக்கு ஒரு டீ, மத்தியானம் சோற்றோடு அரை டம்ளர் தண்ணீர் என்று நாளை ஓட்டிவிடுகிறவர்கள் நிறைய. அவர்கள்மேல் தினம் ஆயிரத்தை ஏற்றுவது ஆபத்தான சேர்க்கை. ஏற்கெனவே கல் வந்தவர்கள் தொடவே வேண்டாம்.

இன்னும் மூன்று பேர் விலக வேண்டும். உடம்பில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேரும் நோய் உள்ளவர்கள். தலசீமியாவுக்காக அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள். இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பரம்பரைக் கோளாறான ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அதிக அளவு வைட்டமின் சி சில வகைக் கருவிகளில் எண்ணைத் தவறாகக் காட்டும்.

"நுரையீரல் காக்கும் ஆன்டிஆக்சிடன்ட்" என்று வரும் கூட்டுக் காப்ஸ்யூல்களில் பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்லாந்தில் 29,133 புகைக்கும் ஆண்களைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. பீடி, சிகரெட் குடிப்பவர் நுரையீரலைக் காக்க நினைத்து இதை வாங்கிப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

## கொய்யா, நெல்லி, மலைப்பழம்

மலையில் விளைவதெல்லாம் சத்து என்ற நம்பிக்கை நமக்கு உண்டு. வைட்டமின் சி விஷயத்தில் மட்டும் அது அப்படியே சரியாக வராது. பேரிக்காயும் பிளம்ஸும் பீச்சும் நல்ல பழங்கள்தான். ஆனால் இந்தச் சத்து அவற்றில் சொற்பம். நிறைய இருப்பது அடிவாரத்தில். ஆயக்குடிக் கொய்யா பழனியிலிருந்து பஸ் ஏறி மேலே வருகிறதே, அது.

100 கிராமில் சுமாராக எவ்வளவு என்று பாருங்கள். மண், ரகம், பழுத்த பக்குவம் பொறுத்து முன்பின் இருக்கும்.

| பழம் | வைட்டமின் சி (மில்லிகிராம்) |
|---|---|
| பெருநெல்லி | 250 முதல் 600 வரை |
| கொய்யா | 200-க்கு மேல் |
| ஆரஞ்சு | 40 முதல் 50 |
| மரத்தக்காளி | 30 அளவில் |
| பிளம்ஸ், பீச், வாழை | 10-க்குள் |
| பேரிக்காய் | 5-க்குள் |

ஒரு நடுத்தரக் கொய்யா ஒரு நாள் தேவையை இரண்டு மடங்குக்கு மேல் முடித்துவிடுகிறது. அந்த 200 மில்லிகிராம் அளவில் உடம்பும் கிட்டத்தட்ட முழுதாக எடுத்துக்கொள்ளும். நார்ச்சத்து கூட வரும், சிறுநீரகக் கல் பயம் இல்லை. பழம் சாப்பிட்டால் ஊதல் அளவு ஏறிவிடுமா என்றால், அதையும் நான் சத்தியம் செய்து சொல்ல மாட்டேன். ஏற்கெனவே சொன்ன அந்த மக்கள்தொகை ஆய்வுகள் மாத்திரையைப் பற்றியவை அல்ல, சாப்பாட்டைப் பற்றியவை, அவ்வளவுதான்.

சொல்லாமல் வரும் செலவு இங்கேயும் உண்டு. மேல்மலைக் கிராமங்களுக்குக் கொய்யா வந்து சேர்வதற்குள் விலை ஏறும், அடிபட்டு அழுகும். பருவம் இல்லாத மாதங்களில் கிடைக்காது. அப்போது கை கொடுப்பது நம் தோட்டத்து முட்டைகோசும் காலிஃபிளவரும். பச்சையில் 100 கிராமுக்கு 35 முதல் 50 மில்லிகிராம் இருக்கும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடிகட்டிக் கொட்டினால் சத்தும் போய்விடும். பொடியாக நறுக்கி, மூடி போட்டு, தண்ணீர் தெளித்து இறக்கும் பொரியல்தான் சரி. ரசத்தில் எலுமிச்சை பிழிவதாக இருந்தால் அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். தேன்நெல்லி பாட்டிலை நெல்லிக்காய்க்கு ஈடாக நினைக்க வேண்டாம், சர்க்கரை அதிகம்.

எப்போது இது சரி: மென்று சாப்பிட முடிகிற எல்லோருக்கும். சர்க்கரை நோயாளிகளும் ஒரு கொய்யா சாப்பிடலாம். பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருக்கும் சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

## எதையும் விழுங்காத வழி: புகையை வெளியே அனுப்புவது

ஊதல் அளவை உண்மையாகவே அசைக்கிற வழி இது ஒன்றுதான் என்பது என் கருத்து. ஏறச் செய்யும் என்று சொல்லவில்லை, இறங்கும் வேகத்தைக் குறைக்கும்.

முதலில் பீடி, சிகரெட். அமெரிக்காவிலும் கனடாவிலும் மூச்சுக்குழாய் அடைப்பு ஆரம்பித்திருந்த புகைப்பவர்களை 11 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். விட்டுவிட்ட ஆண்களுக்கு எஃப்.இ.வி.1 ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி குறைந்தது. அதாவது புகைக்காதவர்களின் கணக்குக்கே வந்துவிட்டார்கள். தொடர்ந்து புகைத்தவர்களுக்குச் சுமார் 66 மில்லி. பதினோரு ஆண்டில் கிட்டத்தட்ட 400 மில்லி வித்தியாசம். எந்த வைட்டமின் ஆய்விலும் இதற்குப் பக்கத்தில் ஒரு எண்ணை நான் பார்த்ததில்லை.

அடுத்தது அடுப்பு. பூம்பாறைப் பக்கம் சில வீடுகளில் அடுப்புக்கு மேலேயே பூண்டுக் கட்டுகள் தொங்கும், புகை பட்டால் பூண்டு கெடாமல் இருக்கும் என்பதற்காக. ஐப்பசி, கார்த்திகை மழையில் சீகை விறகு ஈரமாகவே இருக்கும். ஊதுகுழலை வைத்து ஊத ஊத அடுப்படி முழுவதும் வெள்ளையாகப் புகை நிற்கும். அந்த அம்மா குனிந்து ஊதும்போது முகத்துக்கும் புகைக்கும் ஒரு சாண் இடைவெளிதான். குளிருக்குப் பயந்து ஜன்னலும் சாத்தியிருக்கும். தென் சீனக் கிராமங்களில் ஒன்பது ஆண்டுகள் நடந்த ஆய்வு ஒன்று 2014-ல் வந்தது. விறகிலிருந்து சாண எரிவாயுவுக்கு மாறியவர்களுக்கும், அடுப்படியில் காற்றோட்டம் செய்துகொண்டவர்களுக்கும் எஃப்.இ.வி.1 குறையும் வேகம் ஆண்டுக்குப் பத்து, பதினைந்து மில்லி அளவில் தணிந்தது. இரண்டும் செய்தவர்களுக்கு இன்னும் நல்லது.

செலவு இங்கேதான் அதிகம், அதை மறைக்கக் கூடாது. 2016-ல் வந்த உஜ்வலா திட்டத்தில் கேஸ் இணைப்பு வாங்கிய வீடுகளிலும், சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வாங்கக் காசில்லாமல் விறகுக்கே திரும்புகிறார்கள். தோட்டத்திலிருந்து வரும் சீகைச் சுள்ளிக்குக் காசில்லையே. முழுதாக மாற முடியாதவர்கள் இப்படிச் செய்யலாம்: டீ, பால், சுடுசோறு போன்ற சின்னச் சமையலைக் கேஸிலும், வெந்நீரை வெளியே விறகிலும் வையுங்கள். விறகை ஒரு பருவம் முன்பே வெட்டிக் கொட்டகையில் காயப் போடுங்கள். அடுப்புக்கு நேர் மேலே கூரையில் ஓர் ஓடு அகலத்துக்காவது திறப்பு வையுங்கள். பூண்டுக்குத் தனிக் கொட்டகையில் புகை போடுங்கள்.

இரவில் குளிருக்குக் கரி மூட்டிய சட்டியைப் படுக்கை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போன சம்பவங்கள் இந்த மலையிலும் நீலகிரியிலும் நடந்திருக்கின்றன. கம்பளியும் சுடுதண்ணீர்ப் பையும் போதும்.

## மூச்சு வாங்குவது நுரையீரலால்தானா?

"ஏற்றம் ஏறினா இரைக்குது" என்று வருகிறவர்களில் பலருக்கு நுரையீரல் நன்றாகவே இருக்கும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜன் அழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் இங்கே. கீழிருந்து வந்தவருக்குச் சில நாள் இரைப்பது இயல்பு, உடம்பு பழகிக்கொள்ளும். பழனிப் படியில் இரைத்தால் பெரும்பாலும் நடை பழக்கம் விட்டுப்போயிருக்கும். ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்துவிட்டு ஏறுங்கள்.

பெண்களிடம் நான் முதலில் கேட்பது இரத்தசோகையைப் பற்றித்தான். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் படியேறும்போது நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். அதை நுரையீரல் பலவீனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஹீமோகுளோபின் அளவு கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு துளி இரத்தத்தில் பார்த்துவிடலாம். வைட்டமின் சி நிஜமாகவே வேலை செய்யும் இடம் இதுதான். கீரை, பயறில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள அது உதவுகிறது. மத்தியானச் சோற்றோடு பாதிக் கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ சேருங்கள். டீ, காபியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள், அவை இரும்பை உள்ளே விடாது.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், கால் வீங்கினால், சளியில் இரத்தம் வந்தால், மருந்துக்கடைக்கு வராமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். நாற்பது வயது தாண்டிய புகைப்பவர்களும் பல வருஷம் விறகடுப்பில் நின்றவர்களும் ஒரு முறை ஸ்பைரோமெட்ரி ஊதிப் பார்த்து, அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஐந்து வருஷம் கழித்து மறுபடி ஊதும்போது மருத்துவர் முதலில் கேட்பது அந்தப் பழைய எண்ணைத்தான்.